திங்கட்கிழமை கிளம்பாத ஜீப்

சவரிமுத்து சாவியைத் திருகிவிட்டு, காலடியில் இருந்த ஸ்டார்ட்டரை மிதித்தார். ‘டக்’ என்று ஒரு சத்தம். மறுபடி மிதித்தார். இந்த முறை அதுவும் வரவில்லை.

ஷெட்டுக்கு வெளியே சின்னசாமி சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தான். ஏழு மைல் மிதித்து வந்தவன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவன் மனைவி மாதம்மாளுக்கு முந்தின நாள் சாயங்காலமே வலி கண்டிருக்கிறது. தலைப்பிரசவம்.

“கை வந்திருச்சுங்க நர்சம்மா. கை மட்டும் வந்து நிக்குது. தல வரலீங்க” என்றான். என்னிடம் சொன்னதையே ஜீப்பைப் பார்த்தும் ஒரு முறை சொன்னான்.

குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று அர்த்தம். வீட்டில் வைத்துப் பார்க்கிற பிரசவம் அல்ல. தருமபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும். நான் பையோடு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, வண்டி கிளம்பும் கிளம்பும் என்று முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கம்பியின் துரு வாடை இன்றைக்கும் என் உள்ளங்கையில் இருப்பதாகத் தோன்றும்.

சவரிமுத்து இறங்கி, முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றினார். வாட்ச்மேன் மாரப்பனும், ஊசி போட வந்த நாலு பேரும் சேர்ந்து கேட் வரை தள்ளினார்கள். பேட்டரி முழுக்க வற்றிவிட்டால் சுற்றினாலும் தள்ளினாலும் பலன் இல்லை என்பது அன்று எனக்குத் தெரியாது. சவரிமுத்துவுக்குத் தெரியும். தெரிந்தும் சுற்றிக்கொண்டே இருந்தார்.

குவார்ட்டர்ஸ் வாசலில் டாக்டர் வந்து நின்றார். கையில் காபி டம்ளர்.

“என்னய்யா, இன்னைக்கும் திங்கட்கிழமையா?” என்றார்.

கேரியரில் ஏழு மைல்

ஏரியூருக்குப் போகிற வழியில் இருந்தது அந்த ஆரம்ப சுகாதார நிலையம். ஊர்ப் பெயரையும் டாக்டரின் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் இந்த வார இதழைப் படிக்கலாம். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. நான் ஹெல்த் விசிட்டர். ஊர்க்காரர்களுக்கு நர்சம்மா. பத்துப் பதினைந்து கிராமத்துக்கு இருந்த ஒரே வாகனம் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்காக வந்த அந்த ஜீப். பஸ், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

முக்கால் மணி நேரம் தள்ளிப் பார்த்த பிறகு நான் சின்னசாமியின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்தேன். ஏழு மைலும் செம்மண் தடம். ஏற்றத்தில்கூட என்னை இறங்கச் சொல்லவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது மாதம்மாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பத்தொன்பது வயது இருக்கும். வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். குழந்தை குறுக்கேதான் கிடந்தது. கட்டை வண்டியில் வைக்கோலைப் பரப்பி அவளைக் கிடத்தி, பெரிய ரோட்டுக்கு வந்து, புளி ஏற்றிக்கொண்டு போன ஒரு லாரியை மறித்து, தருமபுரி போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது.

குழந்தை வழியிலேயே போய்விட்டது. கர்ப்பப்பை கிழிந்திருந்தது. அதை எடுத்துத்தான் அவள் உயிரைக் காப்பாற்றினார்கள்.

காலையில் அந்த ஜீப் கிளம்பியிருந்தால் பத்து மணிக்கெல்லாம் அவள் ஆபரேஷன் மேஜை மேல் இருந்திருப்பாள். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. அறுவை செய்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னது இது. “ஏன்மா இவ்வளவு நேரம்?” என்று கேட்டார்.

வாடை அடித்ததா?

மறுநாள் டாக்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மேஜை மேல் தட்டச்சு செய்த ஒரு காகிதம் தயாராக இருந்தது. அதில் என் பெயருக்கு நேராகக் கோடு போட்டிருந்தது.

படித்தேன். ஞாயிற்றுக்கிழமை அனுமதி இல்லாமல் டிரைவர் சவரிமுத்து ஜீப்பை வெளியே எடுத்தார் என்றும், விளக்குகளை அணைக்காமல் விட்டதால் பேட்டரி வற்றியது என்றும், திங்கள் காலை அவர்மேல் சாராய வாடை அடித்ததை நான் உணர்ந்தேன் என்றும் இருந்தது. மதுவிலக்கு இருந்த காலம். அந்த ஒரு வரி போதும், வேலை போய்விடும்.

“வாடை எதுவும் அடிக்கலையே சார்” என்றேன்.

“உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் இதே கதைதானே. ஞாயித்துக்கிழமை மாதா கோயில்ல என்ன குடுக்கறாங்களோ, அதுக்கப்புறம் இவங்க என்ன குடிக்கறாங்களோ. வண்டியையும் எடுத்துட்டுப் போறான்.”

“வண்டிய எடுத்தத யாரு சார் பாத்தாங்க?”

“மிஸ் சரோஜா, ஒரு குழந்தை செத்திருக்கு. மேலேருந்து கேப்பாங்க. யாராவது பதில் சொல்லணும்.”

நான் கையெழுத்துப் போடவில்லை. வீரம் என்று நினைத்துவிட வேண்டாம். டாக்டர் காகிதத்தை இழுத்துக்கொண்டு, “சரி, நீங்க போகலாம்” என்றார். அன்று மாலையே சவரிமுத்துவைத் தற்காலிகமாக வேலைநீக்கம் செய்தார். விசாரணை முடியும் வரை ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் காலடி வைக்கக் கூடாது, வண்டியைத் தொடக் கூடாது என்று உத்தரவு.

நான் கையெழுத்துப் போடாததற்கு ஒரு பழைய காரணம் இருந்தது. சேலத்தில் பயிற்சியில் இருந்தபோது வார்டில் ஒரு தெர்மாமீட்டர் காணாமல் போனது. உடைத்தது எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தி. எனக்குத் தெரியும். பழி வார்டு கூட்டுகிற அம்மாள் மேல் விழுந்தது. மேட்ரன் எங்களை வரிசையாக நிறுத்தி, “யாருக்காவது எதாவது தெரியுமா?” என்று கேட்டபோது நான் தரையைப் பார்த்தேன். அந்த அம்மாள் துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுப் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. இரண்டாம் முறையும் தரையைப் பார்க்க என்னால் முடியவில்லை. அவ்வளவுதான்.

யார் இந்த சவரிமுத்து

மானாவாரி நிலத்தில் ராகியும் கடலையும் போட்டுப் பிழைத்த குடும்பம். ராணுவத்தில் சேர்ந்து லாரி ஓட்டி, அங்கே பட்டறை வேலையும் கற்றுக்கொண்டு திரும்பியவர். நாலு பெண் குழந்தைகள். காக்கிச் சட்டைப் பையில் எப்போதும் துவைத்து மடித்த இரண்டு துணி இருக்கும். ஜீப்பின் கண்ணாடியைத் துடைக்க ஒன்று, தன் முகத்தைத் துடைக்க வேறு ஒன்று. மாற்றித் துடைத்து நான் பார்த்ததில்லை.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின இரண்டு மாதமாகவே பேட்டரி இறங்குகிறது என்று லாக் புத்தகத்தில் மூன்று முறை எழுதி வைத்திருந்தார். மூன்றுக்கும் கீழே டாக்டரின் கையெழுத்து இருந்தது. படித்துப் போட்டாரா, படிக்காமல் போட்டாரா தெரியாது. பட்டறைக்கு அனுப்பச் சொல்லி ஒரு வரி எழுத அவருக்கு மனம் வரவில்லை.

ஊரில் செய்தி எப்படிப் பரவும் என்று சொல்ல வேண்டியதில்லை. டிரைவர் குடித்துவிட்டு வண்டியைக் கெடுத்தான், அதனால் பிள்ளை செத்தது. அடுத்த சந்தையில் சின்னசாமி சவரிமுத்துவின் சட்டையைப் பிடித்துவிட்டான். அடிக்கவில்லை. சட்டையைப் பிடித்துக்கொண்டு எல்லார் முன்னாலும் அழுதானாம். அதற்குப் பதில் தன்னை ரெண்டு அறை அறைந்திருக்கலாம் என்று சவரிமுத்து பிற்பாடு சொன்னார்.

புது டிரைவர், புது பேட்டரி

பென்னாகரத்திலிருந்து மாற்று டிரைவர் ஒருவர் வந்தார். விபூதிப் பட்டை, வெற்றிலைகூடப் போடாதவர். டாக்டருக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

அவர் வந்த இரண்டாவது திங்கட்கிழமை ஜீப் கிளம்பவில்லை.

டாக்டர் இப்போது என்ன சொல்வார் என்று மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். “பேட்டரி பழசு” என்றார். புது பேட்டரி வந்தது. பத்து நாள் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு பண்டிகை விடுமுறையும் ஞாயிறும் சேர்ந்து வந்தன. முடிந்து பார்த்தால் புது பேட்டரியும் செத்துக் கிடந்தது.

“தண்ணி ஊத்தலையா?” என்று மெதுவாகக் கேட்டார் டாக்டர். சாராயத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. வாடை பிடிக்க என்னைக் கூப்பிடவும் இல்லை. சவரிமுத்துவை வேலைக்குத் திரும்ப அழைக்கவும் இல்லை.

அன்று எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல், ஊசி கொதிக்க வைக்கும் பாத்திரத்தை அடுப்பிலிருந்து வெறும் கையால் தூக்கிவிட்டேன்.

டைரி சொன்னது

சந்தை நாளில் சவரிமுத்துவைப் பார்த்தேன். தகர டப்பாக்களும் கயிறும் விற்கிற இடத்தில் தள்ளி நின்றிருந்தார். என் கையில் இருந்த கட்டைப் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். மாற்று டிரைவர், புது பேட்டரி, எல்லாம்.

அவர் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. ஒரு கணக்குப் போடுகிறவர் போல நின்றார்.

“நான் டைனமோவத்தான் சந்தேகப்பட்டனுங்க. ரெண்டு தரம் பிரிச்சிப் பாத்தேன். ஒண்ணுமில்ல. வண்டி நிக்கறப்ப எங்கியாச்சும் கரண்ட் ஒழுவுனா ஆம்ப் மீட்டர் முள்ளு மைனஸ்ல சாயோணும். அது ஜீரோவுலயே நிக்குது. அதான் எனக்குப் புடிபடல” என்றார். பிறகு, “நீங்க டைரி எழுதுவீங்க இல்லீங்களா நர்சம்மா? எந்தத் திங்கக்கெழம கெளம்புச்சு, எந்தத் திங்கக்கெழம கெளம்பலன்னு பாருங்க” என்றார்.

எங்கள் வேலையில் சுற்றுப்பயண டைரி எழுதியே ஆக வேண்டும். எந்த நாள், எந்த ஊர், ஜீப்பிலா நடந்தா என்று எல்லாம் இருக்கும். அன்று மாலை உட்கார்ந்து பின்னோக்கிப் புரட்டினேன். சவரிமுத்து வண்டி ஓட்டிய கடைசி இரண்டு மாதத்தில் எட்டு திங்கட்கிழமை. ஐந்தில் ஜீப் கிளம்பவில்லை. மூன்றில் கிளம்பியிருந்தது.

அந்த மூன்றுக்கும் முந்தின ஞாயிறுகளை நினைத்துப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. சிரிப்பு என்றால் நல்ல சிரிப்பு அல்ல. அந்த மூன்று ஞாயிறும் டாக்டரின் மனைவி தருமபுரிக்குச் சினிமா பார்க்கப் போயிருந்தார். அரசு ஜீப்பில். ஓட்டிப் போனவர் சவரிமுத்து, பூசையை விட்டுவிட்டு. அப்படி ஓடி பேட்டரி ஏறியதால்தான் அந்தத் திங்கட்கிழமைகளில் வண்டி கிளம்பியது. ஞாயிற்றுக்கிழமை அனுமதியில்லாமல் ஜீப்பை எடுத்தது யார் என்ற கேள்விக்கு என் டைரியில் பதில் இருந்தது. அதை எந்த விசாரணையிலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

மறுநாள் சவரிமுத்துவிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

“அப்ப சும்மா நின்னா எறங்குது. ஓடுனா ஏறுது. வண்டிக்குள்ள எதோ ஒண்ணு குடிச்சிக்கிட்டே இருக்குதுங்க” என்றார். குடிக்கிறது என்ற சொல்லை அவரே சொன்னார்.

வேலிக்கு அந்தப் பக்கம்

டாக்டர் குடும்பத்தோடு ஒரு கல்யாணத்துக்குப் போன ஞாயிற்றுக்கிழமை அது. முந்தின நாள் பூரா ஜீப் ஓடியிருந்ததால் பேட்டரியில் தெம்பு இருந்தது. மாரப்பன் ஷெட்டைத் திறந்துவிட்டார். “நான் எதுவும் பாக்கலீங்க” என்று சொல்லிவிட்டு, கடைசி வரை பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்தார்.

ஷெட்டின் ஒரு பக்கம் முள்கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ரோடு. சவரிமுத்து ரோட்டில் நின்றார். உத்தரவை மீறி ஒரு அடி உள்ளே வைக்க மாட்டேன் என்றார். வண்டியைத் தொடவும் மாட்டேன் என்றார். வேலிக்கு மேலே கையை நீட்டி ஒரு ஸ்பேனரையும், ஒரு சின்ன பல்பையும் கொடுத்தார். பல்பிலிருந்து இரண்டு வயர் தொங்கியது.

வெள்ளைச் சேலையைச் செருகிக்கொண்டு பானெட்டைத் தூக்கினேன். பேட்டரியின் புளித்த வாடை மூக்கில் ஏறியது.

“மைனஸ் பக்கத்து கேபிள மொதல்ல கழட்டுங்க. பட்டையா இருக்கும், பாடியில போயி சேரும். அதுதான். கழட்டீட்டீங்களா? இப்ப பல்போட ஒரு வயர அந்தக் கேபிள்ல வைங்க. இன்னொண்ண பேட்டரிக் குமிழ்ல வைங்க.”

வைத்தேன்.

“சாவி எடுத்தாச்சு, லைட்டெல்லாம் ஆப்பு. அப்பிடீன்னா பல்பு எரியக் கூடாதுங்க. எரியுதுங்களா?”

குனிந்து பார்த்தேன். வெளிச்சம் என்று சொல்ல முடியாது. பல்புக்குள் இருந்த இழை மட்டும் பீடி நுனி போலச் சிவந்திருந்தது.

“எரியுது” என்றேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

பிறகு அவர் ஒவ்வொரு வயராகச் சொல்ல, நான் கழற்றினேன். ஹாரன், முன் விளக்கு, பின் விளக்கு, டைனமோ. கழற்றுவேன், பல்பைப் பார்ப்பேன், “எரியுது” என்பேன், மாட்டுவேன். விரல் இடுக்கில் கிரீஸ். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். டேஷ்போர்டுக்குப் போகிற மொத்த வயரையும் கழற்றிய பிறகும் அந்தச் சிவப்பு அணையவில்லை.

சவரிமுத்து குழம்பிவிட்டார். “அப்ப வண்டியில எதுவுமே இல்லீங்களே. ஸ்டார்ட்டர் மட்டுந்தான்.” கொஞ்ச நேரம் கழித்து, “பிளஸ் குமிழ்கிட்ட, தடிச்ச கேபிளத் தவுத்து வேற எதாச்சும் வயரு வருதுங்களா? நல்லாத் தடவிப் பாருங்க” என்றார்.

தடவினேன். தடித்த கேபிளின் அடிப்பக்கம் ஒரு மெல்லிய வயரைக் கறுப்பு டேப்பால் சேர்த்துச் சுற்றியிருந்தார்கள். அதன்மேல் கிரீஸும் புழுதியும் சேர்ந்து கேபிளோடு கேபிளாகக் கிடந்தது. அதன் முனை போல்ட்டுக்கு அடியில் செருகியிருந்தது. மீட்டருக்கே போகாமல் நேராகப் பேட்டரியிலிருந்து கிளம்பும் வயர். அதனால்தான் முள் ஜீரோவிலேயே நின்றிருக்கிறது.

போல்ட்டைத் தளர்த்தி அதை இழுத்தேன். பல்பு அணைந்தது. வைத்தேன். சிவந்தது.

“அது இருக்கக் கூடாதுங்க. நான் போட்டதில்ல. எங்க போவுது பாருங்க.”

வயர் பானெட்டின் ஓரமாகப் போய், கண்ணாடிச் சட்டத்தின் ரப்பருக்குள் நுழைந்து, மேலே கூரைக்கு ஏறியது. கூரையின் முன்பக்கம் அந்தப் பெட்டி இருந்தது.

அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிவப்பு முக்கோணம் வரைந்த கண்ணாடிப் பெட்டி. இரண்டு மூன்று குழந்தைகள் போதும் என்று கீழே எழுதியிருக்கும். உள்ளே பல்பு எரியும். சவரிமுத்து தங்கை கல்யாணத்துக்கு நாலு நாள் விடுப்பில் போயிருந்தபோது, தருமபுரியில் ஒரு கண்காட்சிக்கு ஜீப் போனது. திரும்பி வரும் வழியில் புளியங்கிளை அடித்துக் கண்ணாடி உடைந்தது. மறுநாள் மேலதிகாரி பார்வையிட வருகிறார் என்று, அவசரமாக ஒரு தகரத்தை வைத்து அடித்து, மழைத் தண்ணீர் இறங்காமல் சுற்றிலும் மக்குப் பூசி, தகரத்தின் மேலேயே முக்கோணம் வரைந்துவிட்டார்கள். விடுப்பு முடிந்து வந்த சவரிமுத்துவிடம், அது இனி வெறும் போர்டு, விளக்கெல்லாம் இல்லை என்று சொன்னார்கள்.

ஸ்டூல் போட்டு ஏறி அந்தத் தகரத்தின் மேல் கை வைத்தேன். ஷெட்டுக்குள் வெயில் வராது. நிழலில் நின்ற வண்டி. தகரம் வெதுவெதுப்பாக இருந்தது, காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றி போல.

“சூடா இருக்குது அண்ணா” என்றேன். அதற்கு முன் அவரை நான் அண்ணா என்று கூப்பிட்டதில்லை.

அவர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அதை எழுத வேண்டியதில்லை”

தகரத்தை நான் பிரிக்கவில்லை. வயரைப் பழையபடி மாட்டி வைத்தேன். திங்கட்கிழமை காலை டாக்டரைக் கூட்டிவந்து, அவர் முன்னால் மாரப்பனை விட்டுப் பிரிக்கச் சொன்னேன். ஆணி ஒவ்வொன்றாகக் கழன்று தகரம் தொங்கியது. உள்ளே இரண்டு பல்புகள் மங்கலாக எரிந்துகொண்டிருந்தன. பெட்டியின் உட்சுவரில் வெள்ளைப் பெயின்ட் தீய்ந்து பழுப்பேறியிருந்தது. நாலு மாதமாக, இரவும் பகலும், யார் கண்ணுக்கும் தெரியாமல்.

டாக்டர் எதுவும் கேட்கவில்லை. இது எப்படி வந்தது, யார் இழுத்தார்கள் என்று ஒரு கேள்வி இல்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவருக்குத் தெரியும். கண்காட்சியில் சாவி இல்லாமலே நாள் பூரா எரிய வேண்டும் என்று ரேடியோ கடைக்காரரை வைத்து நேர் வயர் இழுக்கச் சொன்னவரே அவர்தான். பின்னால் ரேடியோ கடைக்காரரிடமே கேட்டு உறுதி செய்துகொண்டேன். இழுக்கச் சொன்னார், மறந்துவிட்டார். மறப்பது குற்றமல்ல, எல்லாரும் மறப்போம். தன் மறதியைத் தேடிப் பார்க்காமல் ஒரு மனிதனின் வாயை முகர்ந்து பார்க்கச் சொன்னாரே, அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

“ஆஃப் பண்ணுங்க” என்றார். பிறகு, “வயரிங்ல ஒரு கோளாறு இருந்துச்சு, சரி பண்ணியாச்சு. இந்தப் பெட்டி விஷயத்தை எல்லாம் எழுத வேண்டியதில்லை.”

“சவரிமுத்துவோட விசாரணை சார்?”

“அவனைச் சேத்துக்கலாம். ஒரு கடிதம் குடுக்கட்டும்.”

கடிதத்தை அலுவலகத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். வாகனத்தைச் சரிவரப் பராமரிக்காத என் கவனக்குறைவுக்கு வருந்துகிறேன், இனி இப்படி நேராது என்று. குடியைப் பற்றி இல்லை. அது ஒரு பெரிய சலுகை போல அவரிடம் சொல்லப்பட்டது. சவரிமுத்து நின்றபடியே படித்தார். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

நான் வராந்தாவில் அவரை மறித்தேன். என் குரல் எனக்கே பிடிக்காத அளவு உயர்ந்திருந்தது.

“ஏன் போட்டீங்க? நம்ம கையில ஆதாரம் இருக்குது. நான் சாட்சி சொல்லுவேன். தப்பே செய்யாம எதுக்கு வருந்தறேன்னு எழுதறீங்க?”

அவர் சட்டைப் பையிலிருந்து துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“உங்களுக்குக் கோவப்படறதுக்கும் சம்பளம் வருதுங்க நர்சம்மா. எனக்குக் கோவப்பட்டா சம்பளம் நின்னுரும். ரெண்டு மாசமா வூட்டுல களிக்கு மாவு கடன்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “நான் குடிச்சிட்டு அந்தப் புள்ளையக் கொன்னுட்டன்னு பெத்தவங்க நெனச்சிக்கிட்டிருக்காங்க. அதுக்கு எந்தக் காயிதத்துல கையெழுத்துப் போட்டா தீரும்? அத மட்டும் சொல்லுங்க” என்றார்.

நான் தனியாக மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். நேர் வயர், பெட்டி, டைரித் தேதிகள், சினிமா ஞாயிறுகள் எல்லாவற்றையும் எழுதி, கையெழுத்துப் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் வந்தது. என்னை அரூர்ப் பக்கம் மாற்றிய உத்தரவு அது. டாக்டர் கொஞ்ச காலம் கழித்துப் பதவி உயர்வில் போனார்.

சொல்ல வேண்டிய இடம்

மாற்றல் உத்தரவு வருவதற்கு முன்பே, பெட்டியைப் பிரித்த அந்த வாரமே, நான் மாதம்மாளின் ஊருக்கு நடந்து போனேன். ஜீப்பில் போக எனக்கு மனம் வரவில்லை.

அவள் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். மெலிந்து, கழுத்தெலும்பு தெரிந்தது. சின்னசாமி ஏர்க்கால் ஒன்றைச் செதுக்கிக்கொண்டிருந்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். எளிமையாகத்தான் சொன்னேன். டிரைவர் குடிக்கவில்லை. வண்டியை எடுக்கவில்லை. மேலே இருந்த பெட்டிக்குள் தெரியாமல் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அதுதான் வண்டியின் உயிரை உறிஞ்சியது.

சின்னசாமி உளியைக் கீழே வைத்தான்.

மாதம்மாள்தான் கேட்டாள். “எந்தப் பொட்டிங்க? அந்தச் செவப்பு போட்டிருக்குமே, அதுங்களா?”

“ஆமாம்மா.”

“எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. அதுல என்ன எழுதியிருந்துச்சு?”

அவள் காத்திருந்தாள். வேறு வழியில்லாமல் சொன்னேன். ரெண்டு மூணு குழந்தை போதும் என்று எழுதியிருந்தது என்றேன்.

அவள் ஒரு கடலையை உடைத்து, பருப்பை முறத்தில் போட்டாள்.

“ஒண்ணே போதும்னுதானுங்க நான் இருந்தேன்” என்றாள்.

அந்த வீட்டில் அதற்கு மேல் உட்கார எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. எழுந்தேன். நான் செருப்பு மாட்டுவதற்குள் சின்னசாமி சைக்கிளை வெளியே எடுத்துவிட்டான். என்னைக் கொண்டுபோய் விடத்தான் என்று நினைத்தேன். என்னைத் தாண்டிப் போய்விட்டான்.

எங்கே போனான் என்று அடுத்த நாள் தெரிந்தது. சவரிமுத்து ஜீப்பின் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். பம்பை நிறுத்தாமலே சொன்னார்.

“சின்னசாமி நேத்து வூட்டுக்கு வந்தாருங்க. வாசல்லயே நின்னாரு. சந்தையில சட்டயப் புடிச்சதுக்கு மன்னிச்சிருங்கன்னாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

அவர் பம்பை நிறுத்தினார்.

“என்னத்தச் சொல்றதுங்க. புள்ளயப் பறிகுடுத்தவரு வந்து மன்னிப்புக் கேக்கறாரு. உள்ள வாங்கன்னு கூப்புட்டேன். களி இருந்துச்சு. ரெண்டு பேரும் உக்காந்து சாப்புட்டம்.”